இடது திரை இருந்த இடம்

புரோகிராமை மூடிய பிறகும் அந்தச் சிவப்பு போகவில்லை.

திரையின் நடுவில், கோப்புகளின் பெயர்களுக்கு மேல், ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வேலையில் இது சகஜம்தான். சாதாரண புரோகிராம் தன் விண்டோவுக்குள் வரையும். விண்டோவை மூடினால் வரைந்ததும் கூடவே போய்விடும். இவள் எழுதிக்கொண்டிருந்தது அந்த ரகம் இல்லை. எந்த விண்டோவுக்கும் கட்டுப்படாமல், நேராக டெஸ்க்டாப்பின் மேலேயே வரைகிற புரோகிராம். அப்படி வரைந்தது யாருக்கும் சொந்தமில்லாத அழுக்கு மாதிரி அங்கேயே கிடக்கும். அடியில் இருப்பது தன்னை ஒருமுறை புதிதாக வரைந்துகொண்டால்தான் மறையும். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. வேறொரு விண்டோவைப் பிடித்து இழுத்து அதன் மேல் ஒரு தேய் தேய்த்தால் போதும், மேஜையைத் துணியால் துடைத்த மாதிரி சுத்தமாகிவிடும்.

தேய்த்தாள். விண்டோ சிவப்புக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. சிவப்பு மேலேயே இருந்தது.

இன்னொரு தடவை தேய்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். ஓரங்களில் சின்னச் சின்னப் படிக்கட்டுகளாய்ப் பிக்சல் புள்ளிகள் தெரிந்தன, நடுவில் மயிர்க்கால்கள். அவற்றில் ஒன்றிலிருந்து ஒரே ஒரு முடி, வளைந்து, ஈரமாய்த் தோலோடு ஒட்டிக் கிடந்தது. அந்த முடியை அவள் வரையவில்லை. மாதிரிக்கு எடுத்த போட்டோவில் இருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததுமே வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்தத் தண்ணி எச்சில்.

இந்த வேலையைக் கொடுத்தவர் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களுக்கு முதுகில் வருகிற புண்ணைப் பற்றிய பாடம். திரையில் போட்டோ ஓடினாலும் வீடியோ ஓடினாலும் அதன் மேலேயே புண்ணை வைத்துக் காட்ட வேண்டும். ஒரு கிளிக்கில் முதல் நிலை, வெறும் சிவப்பு. சற்று நேரத்தில் தானாகவே இரண்டாம் நிலை, தோல் உரிந்து ஈரம். மூன்றாவது, குழி. நாலாவது, குழிக்குள் எலும்பு. நிஜத்தில் நாற்பது நாள் ஆவதை ஒரு பாடவேளைக்குள் காட்டியாக வேண்டும்.

"பிள்ளைங்க மூஞ்சியச் சுளிக்கணும்மா. சுளிச்சுட்டு, அப்புறம் திரும்பியும் பாக்கணும். பொம்மை மாதிரி வரைஞ்சு குடுத்துடாதீங்க," என்றார் டீச்சரம்மா.

அதற்காக நான்கு போட்டோ அனுப்பியிருந்தார். ஒரே ஆளின் முதுகு, பத்து நாளைக்கு ஒன்று வீதம். முகம் இல்லை. அவற்றிலிருந்து தோலை வெட்டியெடுத்துத்தான் இவள் தன் தூரிகையைச் செய்தாள். மூன்றாவது போட்டோவில் குழியின் விளிம்பு, டீயில் ஊறிப்போன ரொட்டி மாதிரி வெளுத்து உள்ளே மடிந்திருந்தது. அதன் ஓரமாகவே மவுஸை நகர்த்தி, ஒரு பிக்சல் விடாமல், அரைமணி நேரம் வெட்டினாள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஒரு நப்பாசையில் டீச்சரம்மாவிடம் கேட்டாள்.

"அஞ்சாவது போட்டோ இருக்கா டீச்சர்? ஆறினதுக்கு அப்புறம் எடுத்தது?"

"அஞ்சாவது எடுக்க அவர் இல்லம்மா. வீட்டுல தனியாக் கிடந்தவரு. திருப்பிப் போட ஒரு ஆள் இல்ல, பாவம்."

வேறு நேரமாக இருந்தால் இப்படி ஒரு வேலையை அவள் தொட்டிருக்கவே மாட்டாள். ஆனால் வீட்டில் இருந்தபடி செய்யக்கூடியதாக இதுதான் கிடைத்தது, அவளோ வீட்டை விட்டு நகர முடியாமல் இருந்தாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்துமூன்று நாளுக்கு முன்னால் லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் ஒரு மாடி உயரம் விழுந்தான். நடுமுதுகில் எலும்பு விட்டுப்போயிருந்தது. நெஞ்சுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. இன்னும் ஒன்பது நாளில் ஆபரேஷன். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

"முதுகுத் தோல் சுத்தமா இருக்கணும். கத்தி வைக்கிற இடத்துல ஒரு புண்ணு வந்துச்சுன்னா நான் தொட முடியாது. தள்ளிப் போட்டா, கால் திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைத் திருப்ப வேண்டும். சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தாள். வலம், மல்லாக்க, இடம், நேரம், கையெழுத்து. பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நர்ஸக்கா வந்து கைகொடுப்பாள். நடுவில் இவள் ஒருத்தியேதான். அடியில் விரித்த துணியைப் பிடித்து இழுத்து, கட்டையை உருட்டுகிற மாதிரி, முதுகு முறுக்கிக்கொள்ளாமல் உருட்டி, தலையணையை அண்டைகொடுக்க வேண்டும். இதுவரை ஒரு கையெழுத்துகூட விட்டுப்போகவில்லை.

கட்டில் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டில். வீட்டில் அது நுழைகிற வாசல் இந்த அறைக்கு மட்டும்தான் இருந்தது. அவள் மேஜையின் இடப்பக்கம் ஒரு ஸ்டூலில் இருந்த இரண்டாவது திரையை எடுத்து, அதைக் கொடுத்திருந்த அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டு, ஸ்டூல் இருந்த இடத்தில் கட்டிலைத் தள்ளிப் போட்டார்கள். மெத்தை சரியாக மேஜை மட்டத்துக்கு வந்தது. அவன் தலை மேஜையோரம். அவள் கீபோர்டைத் தட்டிக்கொண்டே பேசலாம். சுவரோரம் திரும்பிப் படுத்தான் என்றால், பழைய திரை இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில், அவன் முதுகு இருக்கும்.

பழைய திரையின் ஒயரை மட்டும் அவள் பிடுங்கவில்லை. அதன் முனையில் ஏதோ ஒரு அடாப்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அது இருக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர், இடப்பக்கம் இன்னொரு திரை இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. மவுஸைத் தள்ளினால் அம்பு இடது ஓரத்தைத் தாண்டி எங்கோ போய்விடும். திரும்ப வலப்பக்கம் இழுத்தால் வரும். பிறகு சரி செய்யலாம் என்று விட்டுவைத்தாள். ஐந்து வருடமாக இரண்டு திரையில் வேலை செய்து பழகிய கை அது. வேண்டாததை எல்லாம் யோசிக்காமல் இடப்பக்கம் தள்ளிவிடும். ஒரு வாரமாக, சோதித்துப் பார்க்க வரைந்த புண்களைச் சகிக்க முடியாதபோதெல்லாம் அப்படித்தான் செய்தாள். மவுஸால் பிடித்து, இடது ஓரத்துக்கு இழுத்து, ஒரே தள்ளு. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும். அப்பாடா என்று இருக்கும்.

இப்போதும் அதையேதான் செய்தாள். புரோகிராம் மூடியிருக்கிறது, பிடிக்க வராது என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. ஆனாலும் மவுஸை அதன் மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிடிபட்டது. மூடிய புரோகிராம் வரைந்தது எப்படிக் கைக்கு வரும் என்று அப்போதே அவள் பயந்திருக்க வேண்டும். பயத்தை விட அருவருப்பு முந்திக்கொண்டது. இடப்பக்கம் ஒரே தள்ளாய்த் தள்ளினாள். போய்விட்டது.

"என்னடி, பெருமூச்சு விடுற?" என்று சுவரைப் பார்த்தபடி கேட்டான் கணவன். பன்னிரண்டு மணிக்கு நர்ஸக்கா அவனை அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. வேலை."

"அந்தப் புண்ணு வேலையா? உனக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்காங்க பாரு. மூக்குராணிக்கு முதுகுப் புண்ணு."

மூக்குராணி என்பது அவன் வைத்த பெயர். பக்கத்து வீட்டில் பால் திரிந்தாலும் இங்கே படுக்கையில் இருந்தபடி சொல்லிவிடுவாள். அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் இந்த இருபத்துமூன்று நாளாக அவனைத் துடைக்கிறாள், கழுவுகிறாள், மூத்திரக் குழாய்ப் பையைக் காலி செய்கிறாள். ஒவ்வொரு முறையும் வாசற்படியிலேயே மூச்சை இழுத்து நெஞ்சில் பூட்டிக்கொண்டு வருவாள். ஒன்றிலிருந்து அறுபது வரை தாங்கும். பிறகு ஜன்னலோரம் போய் மூச்சை விடுவாள். அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள். நேற்றுச் சாயந்தரம், முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

"நீ மூச்சை அடக்கிட்டுத்தான் என்னைத் தொடுற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"கோவமில்லடி. உன் மூக்கு அப்படி. ஆனா ஒரு நாளைக்காவது மூச்சு விட்டுட்டே என்னைப் புடி. பொணத்தப் புடிக்கிற மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவன் மேல் அவளுக்கு ஆசை குறையவே இல்லை. உடம்பின் வாடைதான் அவளை வென்றுகொண்டிருந்தது, அந்த வெட்கத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

வெளியே காலையிலிருந்து நிற்காத மழை. பட்டப்பகல் ஒன்றே முக்கால் மணிக்கும் அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய, சுவரில் அதன் நிழல் மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, நனைந்த மிதியடியின் புழுக்க வாசனைக்கும் டெட்டாலின் காரத்துக்கும் நடுவே, வேறு ஒன்று மெல்லிய நூல் மாதிரி அவள் மூக்குக்குள் நுழைந்தது. முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. கனிந்து, தோல் கறுத்து, அடியில் சாறு கோத்துக்கொண்ட பழத்தின் இனிப்பு. பிறகு அந்த இனிப்புக்கு அடியில் இருந்தது தெரிந்தது. பூச்சாடியில் ஒரு வாரம் மாற்றாத தண்ணீர். அதற்கும் அடியில், சூடான, உப்பான ஒன்று.

எழுந்து போய்க் குப்பைக்கூடையைப் பார்த்தாள். காலி. சமையலறைத் தொட்டியின் சல்லடையைக் கழற்றி மோந்தாள். குளியலறை, செருப்பு அலமாரி, ஃபிரிட்ஜின் பின்பக்கம் எதிலும் இல்லை. அறையை விட்டு விலக விலக வாடை குறைந்தது. அறைக்குத் திரும்ப, கூடியது. மேஜைக்குக் கிட்டே வந்தபோது அது மூக்கைத் தாண்டி நாக்கிலேயே வந்து படிந்தது.

கட்டிலைப் பார்த்தாள். போர்வை அவன் தோள் வரைக்கும் மூடியிருந்தது. எடுக்கவே கூடாது என்று தோன்றியது. எடுத்துத்தான் ஆக வேண்டும். மூச்சை இழுத்துப் பூட்டிக்கொண்டு போர்வையை விலக்கி, சட்டையை மேலே தூக்கினாள்.

நடுமுதுகில், தண்டுவடத்தின் மேல், உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு.

ஒன்பது நாள். ஒன்பதே நாள். நர்ஸக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி விரலால் அழுத்தினாள். அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுத்தால் பயமில்லை. வெளுக்கவில்லை. விரலில் பிசுக்கு ஒட்டியது. குனிந்து பார்த்தாள். சிவப்பின் ஓரம் வட்டமாய் இல்லை. சின்னச் சின்னப் படிக்கட்டுகள். நடுவே ஒரு ஈர முடி, வளைந்து, ஒட்டிக்கொண்டு.

கணவனின் முதுகில் முடியே கிடையாது.

"என்னாச்சு?" என்றான் அவன். "தோள்ல உன் கை சில்லுன்னு இருக்கே. ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல. சட்டை சுருக்கம். அசையாதீங்க."

விரலைப் புடவையில் துடைத்தாள். துடைத்த இடத்தை உடனே வெறுத்தாள். மேஜைக்கு வந்து, புரோகிராம் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பைத் திறந்தாள். திரையில் வரைய வேண்டுமானால் முதலில் திரையிடம் அனுமதி வாங்க வேண்டும். ஹேண்டில் என்பார்கள். வாங்கி, வரைந்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. வாங்கியது பதினோராயிரத்து முந்நூற்று ஆறு என்று இருந்தது. திருப்பிக் கொடுத்தது பூஜ்யம். திருப்பிக் கொடுக்கிற அந்த ஒரு வரியை எழுத மறந்திருக்கிறாள். ஒரு வாரமாக ஒன்றைக்கூடத் திருப்பவில்லை.

அதற்குக் கீழே வரைந்த இடங்கள். எல்லாம் ஒரே இடம். இடப்பக்கம் என்பதற்கு அடையாளமாக மைனஸ் போட்ட ஒரே எண், வரிக்கு வரி, வரிக்கு வரி. பட்டியல் நிற்கவில்லை. மூடிய புரோகிராமின் குறிப்பு அவள் கண்ணெதிரே மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வரியில் நிலை ஒன்று என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிலை இரண்டு ஆனது.

இடப்பக்கம், கட்டிலில், ஒரு சத்தம். ஒட்டிய பிளாஸ்டரை மெதுவாக உரிக்கிற சத்தம்.

அவள் திரும்பவில்லை. எல்லாவற்றையும் புதிதாக வரை என்று டெஸ்க்டாப்புக்குக் கட்டளை கொடுத்தாள். திரை ஒருமுறை வெளுத்து, மீண்டும் வந்தது. பளிச்சென்று, துடைத்துவிட்ட மாதிரி. திரும்பினாள். முதுகில் தோல் உரிந்து, மேலே சுருண்டு, அடியில் ரோஜா நிறத்தில் ஈரம் மின்னிக்கொண்டிருந்தது. அவன் தோள் நிம்மதியாக ஏறி இறங்கியது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வழியே இல்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை செத்தது. பெட்டிக்குள் விசிறி சுற்றி, சுற்றி, நின்றது. பழைய ஒயரையும் அடாப்டரோடு இழுத்துத் தரையில் எறிந்தாள். மழைச் சத்தம் மட்டும்.

ஈரம் மின்னியது.

மின்னியது மட்டுமில்லை. நடுவில் பள்ளம் விழ ஆரம்பித்தது. ஓரம் வெளுத்தது. ஊறிய ரொட்டி மாதிரி வெளுத்து, மெல்ல, உள்ளே மடிந்தது. அந்த மடிப்பு அவளுக்கு மனப்பாடம். அரைமணி நேரம் மவுஸால் வருடிய மடிப்பு. அதற்குள்ளிருந்து மஞ்சளாய் ஒரு சொட்டு திரண்டு, வழியாமல், நின்றது.

குழிக்குப் பிறகு எலும்பு. எலும்புக்குப் பிறகு போட்டோ இல்லை.

"என்னங்க," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "மணி ரெண்டாச்சு. திருப்பணும்."

"மல்லாக்கவா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கமா."

"அட்டவணையில அப்படியா இருக்கு?"

"ஆமாங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த இடத்திலிருந்து அவனை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது. பக்கவாட்டில் கை கொடுத்து, அடிவிரிப்பைப் பிடித்து, முறுக்காமல், ஒரு சாண் சுவர்ப் பக்கம் தள்ளினாள்.

அவன் முதுகு நகர்ந்தது. புண் நகரவில்லை.

அவள் அப்படியே நின்றாள். முதுகு சுத்தமாய் இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. புண் மெத்தைக்கு மேலே, காற்றில், பழைய திரை இருந்த இடத்தில், அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் எதுவும் இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் தாள் மாதிரி ஒல்லி. நேரே பார்த்தால் ஆழம். மஞ்சள் சொட்டு இப்போது வழிந்து மெத்தை விரிப்பில் விழுந்தது.

புரிந்தது. இது அவன் மேல் வரைந்ததில்லை. விண்டோவை நகர்த்தினால் வரைந்தது கூடவே போகாது, திரையில் அதே இடத்தில்தான் நிற்கும். அந்த இடத்தில் எது வந்து நிற்கிறதோ அதன் மேல் அது இருக்கும். இவன் இங்கே வராமல் இருந்தால் போதும்! சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. கட்டிலை இழுத்துவிட்டால் தீர்ந்தது. சக்கரத்தின் பூட்டை எடுத்து, ஒரே இழுப்பு.

கையைத் தளர்த்தினாள். அவன் உடல் தானாகப் பின்னால் சரிந்தது.

பிடித்தாள். புண்ணுக்கு இரண்டு விரல் இடைவெளியில் பிடித்தாள். அண்டைகொடுக்கும் தலையணை பின்னால் நாற்காலியில் இருந்தது. போன் மேஜையில். சக்கரத்தின் பூட்டு கட்டிலுக்கு அடியில். எதற்கும் கை எட்டாது. விட்டால் சரிவான். தாங்காமல் இன்னும் தள்ளினால் முறுக்கிக்கொள்வான். ஏற்கெனவே பிடி நழுவிக்கொண்டிருந்தது. லிஃப்ட் கம்பிகளை இழுத்து வளர்ந்த உடம்பு, நல்ல கனம்.

நாலு மணிக்கு நர்ஸக்கா வருவாள். சாவி அவளிடம் உண்டு. இப்போது இரண்டு.

கையால் முடியாது. உடம்பால் தாங்கினால் முடியும். கட்டிலில் ஏறி, அவன் பின்னால் ஒட்டிப் படுத்து, அணை போட்ட மாதிரி. அதற்கு அந்த இடத்தில்தான் படுக்க வேண்டும். அதற்குள்ளேதான்.

அவள் அதைப் பார்த்தாள். குழி இன்னும் கொஞ்சம் ஆழமாகியிருந்தது. அடியில், தந்தம் மாதிரி, வெள்ளையாய் ஏதோ தெரியத் தொடங்கியிருந்தது. நாற்றம் இப்போது நாற்றமாகவே இல்லை, வாய் நிறைய அடைத்த ஈரத்துணியாக இருந்தது. மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. அவன் கால் விரல்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. போன மாதம் அந்தக் காலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டு செருப்பு மாட்டினான்.

மூச்சை இழுத்தாள். நெஞ்சில் பூட்டினாள். கட்டிலில் ஏறினாள்.

ஒன்று. இரண்டு.

முதலில் சூடு. நெஞ்சுக்குக் கீழே, ரவிக்கைத் துணி நனைந்து, வெதுவெதுப்பாய்ப் பரவியது. வலி இல்லை. வலி இருந்திருந்தால் தேவலை. ஊறிய ஓரம் அவள் தோலைத் தடவி, இடம் பார்த்து, ஒட்டிக்கொண்டது. பத்து. பதினொன்று. கைகளை அவனைச் சுற்றிக் கொண்டுபோய் நெஞ்சில் கோத்தாள். இறுக்கினாள். அவன் சரியவில்லை. தாங்கிவிட்டாள்.

இருபது.

இறுக்கினாள். ஆனால் அவன் முதுகு அவள் மேல் படவில்லை.

நடுவில் ஏதோ இருந்தது.

இன்னும் இறுக்கினாள். அது அழுந்தியது. தோள்பட்டை எலும்பு ஒன்று அவள் நெஞ்சில் குத்தியது. கணவனுடையது இல்லை. ஒல்லி. குளிர்ந்து, வியர்த்த, கழுவாத முதுகு ஒன்று, நீளவாட்டில், அவளுக்கும் அவனுக்கும் நடுவே. கண்ணுக்குத் தெரியவில்லை. கனம் தெரிந்தது. ரொம்ப நாளாய் ஒரே பக்கமாய்க் கிடந்து, இப்போதுதான் யாரோ திருப்பிப் போட்ட ஓர் உடம்பு, நிம்மதியாய், கொஞ்சம் கொஞ்சமாய், தன் கனம் முழுவதையும் அவள் கைக்குள் இறக்கியது.

முப்பத்தைந்து.

விடலாம். விட்டால் கணவன் இதன் மேல் சரிவான்.

விடவில்லை.

"மூக்குராணி," என்றான் அவன் சுவரைப் பார்த்தபடி. குரல் கம்மியிருந்தது. "நேத்து நான் சொன்னத மனசுல வச்சுக்கிட்டியா?"

அவள் பேசவில்லை. பேச மூச்சு வேண்டும்.

"இன்னிக்குத்தான் நீ மூச்சை அடக்காமப் புடிச்சிருக்க. கழுத்துல சூடாப் படுது. இத்தன நாளா... விடு, ஒண்ணும் சொல்லல. அப்படியே இரு. கொஞ்ச நேரம் அப்படியே இரு."

ஐம்பது. ஐம்பத்தொன்று.

உதடுகளை இறுக மூடியபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் அவன் பிடரி. முடிவெட்டி நாளாகி வளர்ந்து கிடந்த அந்தச் சின்ன முடிகள், ஒருமுறை, மெதுவாக, முன்னால் சாய்ந்தன. நிமிர்ந்தன. மறுபடி சாய்ந்தன. ஈரமாகி, ஒவ்வொன்றாய், வளைந்து, தோலோடு ஒட்டிக்கொண்டன.